பீட்சாவுக்கு 5, பரோட்டாவுக்கு 18: மதுரையின் சாப்பாட்டுக் கணக்கு

2025 செப்டம்பர் 21 வரை இந்தியாவில் பாக்கெட்டில் அடைத்து விற்ற பரோட்டாவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதே கடையின் அதே அலமாரியில் இருந்த பீட்சா ரொட்டிக்கு 5 சதவீதம்தான். வரிப் பட்டியலில் பீட்சா ரொட்டிக்குப் பெயர் சொல்லி ஒரு இடம் இருந்தது, பரோட்டாவுக்கு இல்லை. சப்பாத்தி, ரொட்டி வகையில் பரோட்டாவைச் சேர்க்க முடியாது என்று 2020இல் கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் சொன்னபோது சமூக வலைத்தளங்கள் சிரித்துத் தீர்த்தன. ஐந்து ஆண்டு கழித்துத்தான் இரண்டுக்கும் வரியில்லை என்று ஆனது.

மதுரையில் ஓட்டலில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டவருக்கு இதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உணவகத்தில் பரிமாறினால் 2017 நவம்பரிலிருந்து பீட்சாவுக்கும் பரோட்டாவுக்கும் பெரும்பாலும் ஒரே 5 சதவீதம்தான். ஆனாலும் அந்த 18க்கும் 5க்கும் இடையில் ஒரு செய்தி இருக்கிறது. ஓரிடத்தில் செய்து, அடைத்து, ஊர் ஊராக அனுப்பக்கூடிய பண்டம் எது என்பது விதி எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மதுரையில் சங்கிலிக் கடைகளுக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் நடக்கும் போட்டியைத் தீர்மானிப்பதும் ஏறக்குறைய அதுதான். கடை யாருக்குச் சொந்தம் என்பதைவிட, அந்தக் கடையின் பண்டத்தை எவ்வளவு தூரம் முன்கூட்டியே முடித்துவைக்க முடியும் என்பதே இங்கே பெரிய கேள்வி.

பீட்சா இந்தியாவுக்குச் சங்கிலிக் கடையாக வந்து இறங்கியது 1996இல். ஜனவரியில் டெல்லியில் டாமினோஸ், ஜூனில் பெங்களூரில் பீட்சா ஹட். அதே ஆண்டில் சென்னையில் பீட்சா கார்னர் பிறந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் முதன்முதலில் பீட்சா தின்றது அந்தக் கடையில்தான். 2010களின் நடுவில் பீட்சா கார்னரும் பாப்பா ஜான்ஸும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. பழைய பலகையை இறக்கிவிட்டு அமெரிக்கப் பெயரை மாட்டினார்கள். 2017இல் பாப்பா ஜான்ஸ் இந்தியாவை விட்டே போனது. ஊருக்குத் தெரிந்த பெயரும் போயிற்று, அதன் இடத்தில் வந்த பெயரும் போயிற்று. டாமினோஸோ 2024இல் இந்தியாவில் 2,000 கடைகளைத் தாண்டிவிட்டது. ஆகவே சங்கிலி என்றாலே வெற்றி என்று சொல்லிவிட முடியாது.

டாமினோஸும் பீட்சா ஹட்டும் கூடச் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய ஒற்றைக் கடைகள்தான். முன்னது 1960இல் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் மோனகன் சகோதரர்கள் வாங்கியது. பின்னது 1958இல் கான்சாஸின் விச்சிட்டாவில் கார்னி சகோதரர்கள் திறந்தது. ஒரு பல்கலைக்கழக ஊரின் உள்ளூர்க் கடை எப்படி உலகம் முழுக்கப் போயிற்று என்று பார்த்தால், அவர்கள் பெருக்கியது ருசியை அல்ல, வேலைமுறையை என்பது தெரியும். மாவு ஒரு மையக் கூடத்தில் பிசையப்பட்டு, எடைபோட்டு உருட்டப்பட்டு, குளிர்வண்டியில் கடைக்கு வரும். எந்த அளவுப் பீட்சாவுக்கு எத்தனை கிராம் சீஸ், எத்தனை துண்டு குடைமிளகாய் என்று அட்டவணை இருக்கும். அடுப்பு ஒரு நகரும் பட்டை. ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில் வெந்து வரும். வெப்பமும் வேகமும் முன்பே முடிவானவை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவர் சில நாள் பயிற்சியில் அந்தப் பீட்சாவைச் செய்துவிடலாம். மாஸ்டர் தேவையில்லாத சமையலறை என்பதுதான் அதன் உண்மையான கண்டுபிடிப்பு.

மதுரையின் வரைபடத்தில் இந்த இரண்டு வகைக் கடைகளும் தனித்தனி வளையங்களில் உட்கார்ந்திருக்கின்றன. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகப் போகின்றன. அந்த வீதிகளுக்குள் மனைகள் குறுகியவை, வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய கட்டடங்கள் அவை. சங்கிலி நிறுவனம் கேட்கும் பரப்பளவு, முகப்பு, பார்க்கிங் எதுவும் அங்கே எளிதில் அமையாது. அதனால் பீட்சாக் கடைகள் பைபாஸ் சாலை, கே.கே. நகர், அண்ணா நகர் பக்கமும், கோகலே சாலையின் விஷால் டி மால் போன்ற குளிரூட்டிய கட்டடங்களுக்குள்ளும் போயின. சிம்மக்கல், தல்லாகுளம், விளக்குத்தூண், டவுன்ஹால் ரோடு ஆகியவை இன்னும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் கையில்.

நகரத்துக்கு வெளியே கணக்கு வேறு. நான்குவழிச் சாலை வந்தபின் திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி ஊர்களுக்குள் நுழையாமலே பயணிகள் போய்விடுகிறார்கள். முன்பு பஸ் நின்ற இடத்து ஓட்டல்களுக்குக் கிடைத்த வியாபாரம் சாலையோரத்தில் பெரிய வளாகம் கட்டியவர்களுக்குப் போயிற்று. அங்கே முதலில் போய் நின்றவை வெளிநாட்டுப் பெயர்கள் அல்ல. ஏ2பி போன்ற தமிழ்நாட்டுச் சங்கிலிகள்.

சரி, மதுரையில் உள்ளூர்ப் பீட்சாக் கடை எது? தனியாகப் பீட்சா மட்டும் விற்கும் சிறு கடைகள் உண்டு. ஆனால் எண்ணிக்கையிலும் வயதிலும் முந்தி நிற்பது பேக்கரிதான். கண்ணாடி அலமாரியில் வெஜிடபிள் பப்ஸுக்கும் முட்டை பப்ஸுக்கும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பீட்சா இருக்கும். அடியில் பன் மாவு. அதனால் லேசாக இனிக்கும். மேலே தக்காளி சாஸ், பொடியாக அரிந்த வெங்காயம், குடைமிளகாய், சில இடங்களில் முட்டைக்கோஸ், துருவிய கேரட். சீஸ் பெயருக்கு. கேட்டால் மைக்ரோ ஓவனில் சுடவைத்து, செய்தித்தாள் துண்டிலோ சின்னத் தட்டிலோ வைத்து, கூடவே டீ வேண்டுமா என்று கேட்பார்கள். இத்தாலிக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார். ஆனால் டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்குக் கையிலிருக்கும் காசுக்குக் கிடைக்கும் பீட்சா அதுதான். உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் பீட்சா முதலில் பழக்கமானது இந்த அலமாரி வழியாகவே.

இந்தப் போட்டியில் பேக்கரி தோற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் உள்ளூர்க்காரர் திறமைக் குறைவு அல்ல. பீட்சாவின் உயிர் இரண்டு பொருளில் இருக்கிறது: மெதுவாகப் புளிக்கவைத்த மாவு, இழுத்தால் நூலாக வரும் மொசரெல்லா. முதலாவதற்குக் குளிர் அறையும், ஒரு நாள் முன்பே திட்டமிடும் பழக்கமும் வேண்டும். இரண்டாவது விலை கூடிய பொருள். பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்புச் சேர்த்த மாற்றுச் சீஸ் மலிவாகக் கிடைப்பதால் சிறு கடைகள் அந்தப் பக்கம் சாய்வது உண்டு. ஆயிரக்கணக்கான கடைகளுக்குச் சேர்த்து வாங்கும் நிறுவனம் பேசும் விலையை, மாதம் சில கிலோ வாங்கும் பேக்கரி பேச முடியாது. இத்தனைக்கும் மொசரெல்லா இன்று தூரத்துப் பொருளும் இல்லை. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் மில்கி மிஸ்ட் அதைத் தயாரிக்கிறது. 2025 செப்டம்பர் மாற்றத்தில் சீஸுக்கான ஜி.எஸ்.டி.யும் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருள் பக்கத்தில் வந்துவிட்டது. மொத்தமாக வாங்கும் பலம்தான் வரவில்லை.

இதே நகரத்தில் இன்னொரு வட்டமான பண்டம் இருக்கிறது. கறி தோசை. சிம்மக்கல் கோனார் கடையில் அதைப் போடுவதைப் பார்க்கவேண்டும். தடித்த கல்லில் ஊத்தப்பம் கனத்துக்கு மாவு. அது அரை வேக்காட்டில் இருக்கும்போதே மேலே முட்டையைப் பரப்புகிறார் மாஸ்டர். முட்டை இறுகுவதற்குள் கொத்திய ஆட்டுக்கறி மசாலா விழுகிறது. கரண்டியால் அமுக்கி, ஓரங்களில் எண்ணெய் விட்டு, மொத்தத்தையும் ஒரே வீச்சில் திருப்பிப் போடுகிறார். கறியின் முகம் கல்லில் பட்டு முறுகுகிறது. ரொட்டி, அதைப் பிடித்துவைக்கும் ஒரு கொழுப்பு அடுக்கு, மேலே கறி என்று பார்த்தால் கட்டுமானம் பீட்சாவினுடையதுதான். அதனால்தான் வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் இதை மதுரைப் பீட்சா என்று எழுதத் தயங்குவதில்லை.

ஒற்றுமை அத்தோடு நின்றுவிடுகிறது. மாவு அன்றைக்கு எவ்வளவு புளித்திருக்கிறது என்பது மதுரை வெயிலைப் பொறுத்தது. கல்லின் சூடு அடுத்தடுத்து வரும் ஆர்டரைப் பொறுத்தது. முட்டை இறுகும் அந்தச் சில நொடியை எந்த அட்டவணையும் சொல்லாது. திருப்பும் வேலையைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் சில நாள் பயிற்சியில் உருவாவதில்லை.

அயிரை மீன் குழம்பு இதைவிடத் தீவிரமான உதாரணம். சுண்டுவிரலைவிடச் சின்ன இந்த மீன் கண்மாய்ச் சேற்றில் வளர்வது. உயிரோடு வாங்க வேண்டும். செத்த அயிரைக்கு மரியாதை இல்லை. வீட்டுக்கு வந்ததும் நீர்த்த பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விடுவார்கள். மீன் அதைக் குடித்து, வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கும். பிறகு உப்புப் போட்டு உரசி, பலமுறை அலசி, புளிக்குழம்பு கொதிக்கும்போது முழுசாகப் போடுவார்கள். கண்மாயில் தண்ணீர் இருந்தால் மீன் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கிடைக்கும் காலத்திலும் விலை கிலோ ஆயிரத்தைத் தாண்டும். தல்லாகுளம் அம்மா மெஸ்ஸில் இதற்காகவே வெளியூரிலிருந்து வந்து காத்திருப்பார்கள். மழையைப் பார்த்து மெனு மாறும் பண்டத்தை எந்த மைய அலுவலகம் தன் பட்டியலில் சேர்க்கும்?

எனவே மதுரை உள்ளூர்க் கடைகளின் கோட்டை என்றும், சங்கிலிகள் இங்கே ஜெயிக்க முடியாது என்றும் முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மதுரையே சங்கிலிகளைப் பெற்றெடுக்கும் ஊராகவும் இருந்திருக்கிறது. முருகன் இட்லிக் கடை 1960களில் இங்கே சிறிய கடையாகத் தொடங்கியது. 2000களில் சென்னை தியாகராய நகருக்குப் போனது, பின்னர் சிங்கப்பூர் சையத் ஆல்வி சாலை வரை எட்டியது. இட்லிக்கு அது முடிந்தது. மாவை ஓரிடத்தில் அரைத்துக் கிளைகளுக்கு அனுப்பலாம். சட்னிகளுக்கு அளவு எழுதலாம். ஆவியில் வேகும் பண்டத்துக்குக் கைப்பக்குவம் குறைவாகவே தேவை. விளக்குத்தூண் பக்கத்து ஜிகர்தண்டாவும் அப்படித்தான். சுண்டக் காய்ச்சிய பால், பாசுந்தி, ஐஸ்கிரீம், நன்னாரி சர்பத், கடற்பாசி எல்லாமே முன்கூட்டிச் செய்துவைக்கக் கூடியவை. கடையில் நடப்பது கலக்கும் வேலை மட்டும். அதனால்தான் தமிழ்நாட்டின் எந்த ஊர் பஸ் நிலையத்துக்குப் போனாலும் ‘மதுரை ஜிகர்தண்டா’ பலகை கண்ணில் படுகிறது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையாலேயே பெயர் பெற்று, தலப்பாக்கட்டியாகப் பல ஊர்களுக்குப் பரவியது. அதே சாயலில் பெயர் வைத்தவர்களோடு நீதிமன்றத்தில் பல ஆண்டு மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது.

இந்த ஊர்ச் சங்கிலிகளின் பலம் வேறு வகை. 2020 ஜூலையில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, மதுரையில் பல கிளைகள் வைத்திருக்கும் டெம்பிள் சிட்டி ஓட்டல் முகக்கவச வடிவத்தில் பரோட்டா போட்டது. படம் நாடு முழுவதும் சுற்றியது. ஊர் என்ன பேசுகிறது என்று பார்த்து, உடனே மாவைப் பிசைந்துவிட்டார்கள். தலைமையகத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கும் கடையால் அந்த வேகத்தில் செய்திருக்க முடியாது.

மதுரையில் மிக மலிவான சங்கிலி உணவகமோ தனியாருடையதே அல்ல. 2013இல் சென்னையில் தொடங்கி, அதே ஆண்டு மதுரை மாநகராட்சிக்கும் வந்த அம்மா உணவகம் அது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, தயிர் சாதம் மூன்று. எல்லா ஊரிலும் ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பட்டியல். சங்கிலிக்கு உரிய இலக்கணம் முழுக்கப் பொருந்தும். ஆனால் சமைப்பவர்கள் அந்தந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவினர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டைப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் மையச் சமையற்கூடமும் உணவு ஏற்றிச் செல்லும் வண்டிகளும் உண்டு. மையமாகச் சமைத்து அனுப்புவது அமெரிக்கா கொண்டுவந்த பழக்கம் என்று மதுரையில் யாரும் சொல்ல முடியாது.

பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு உலக அளவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2002இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் சிவிக் எகனாமிக்ஸ் நடத்திய ஆய்வு. உள்ளூர்ப் புத்தகக் கடையில் செலவழித்த 100 டாலரில் 45 டாலர் ஊரிலேயே சுழன்றது. பெரிய சங்கிலிக் கடையில் செலவழித்ததில் 13 மட்டும். அது புத்தகக் கடை, அதுவும் அமெரிக்காவில்; அந்த எண்களை அப்படியே மதுரைக்குப் பெயர்த்து வைப்பது தவறு. ஆனால் காரணங்கள் பொருந்தும். மெஸ் உரிமையாளர் ஆட்டுக்கறியை உள்ளூர்க் கசாப்புக் கடையிலும் காய்கறியை மாட்டுத்தாவணிச் சந்தையிலும் வாழையிலையைச் சோழவந்தான் பக்கத்திலும் வாங்குகிறார். கணக்குப் பார்ப்பவரும் பலகை எழுதுபவரும் ஊர்க்காரர்களே. சங்கிலிக் கடையின் மாவும் சீஸும் பெட்டியும் வெளியிலிருந்து வருகின்றன. விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாக வெளிநாட்டுக்குப் போகிறது.

தொழிலாளி பக்கத்திலிருந்து பார்த்தால் தராசு சற்றே மறுபக்கம் சாய்கிறது. வருங்கால வைப்பு நிதி 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், இ.எஸ்.ஐ. காப்பீடு பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும் பொருந்தும். சங்கிலிக் கடைகள் இவற்றுக்குள் வந்துவிடுகின்றன. அங்கே வேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு உண்டு, வார விடுமுறை உண்டு. ஆறேழு பேரோடு நடக்கும் மெஸ்ஸில் சப்ளையருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் எல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது. நல்ல முதலாளி மகள் கல்யாணத்துக்கே பணம் கொடுப்பார். மற்றவரிடம் விடுப்புக்கூடக் கிடைக்காது. உள்ளூர்க் கடையைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டுவிடுகின்றன.

இரண்டு தரப்புக்கும் நடுவில் இப்போது மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார்: சொமாட்டோ, ஸ்விக்கி. தேசிய உணவகச் சங்கத்தின் புகாரை ஏற்று, இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் இவ்விரு நிறுவனங்களின் நடைமுறைகள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், கமிஷன் இன்னும் ஏறினால் தன் வியாபாரத்தின் ஒரு பகுதியைச் செயலிகளிலிருந்து விலக்கிக்கொள்ள நேரும் என்று டாமினோஸை நடத்தும் ஜூபிலண்ட் நிறுவனமே ஆணையத்திடம் சொன்னதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சொந்தச் செயலியும் சொந்த டெலிவரி ஆட்களும் உள்ள நிறுவனத்துக்கு விலக வழியிருக்கிறது. கே.கே. நகரில் புதிதாகப் பீட்சாக் கடை போட்ட இளைஞருக்கு அது கிடையாது. அவருடைய வாடிக்கையாளர் யார், எங்கே இருக்கிறார், அடுத்து எப்போது பசிக்கும் என்ற விவரமெல்லாம் செயலியிடம்தான் இருக்கிறது.

ஆனால் செயலி எப்போதும் உள்ளூர்க்காரருக்கு எதிரி என்றும் சொல்வதற்கில்லை. டாமினோஸ் 2015இல் இத்தாலிக்குப் போனது, வீடு தேடிப் பீட்சா கொண்டுவரும் பழக்கம் அங்கே குறைவு என்ற நம்பிக்கையில். 2030க்குள் 880 கடைகள் என்பது திட்டம். பெருந்தொற்றுக் காலத்தில் தெருமுனைப் பீட்சாக்காரர்கள் எல்லோரும் செயலிகளில் சேர்ந்து டெலிவரியில் இறங்க, டாமினோஸின் ஒரே சாதகமும் கரைந்தது. 2022இல் கடைகளை மூடிவிட்டார்கள். செயலிகள் இல்லாத காலத்திலும் ஊர்ப் பெயர் ஜெயித்ததுண்டு. பிலிப்பைன்ஸில் 1981இல் மெக்டொனால்ட்ஸ் வந்திறங்கியபோது ஜாலிபீ சின்ன நிறுவனம். 1975இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கியது. அந்நாட்டு நாக்குக்கு ஏற்ற இனிப்புச் சாஸ் ஸ்பகெட்டியும் கோழி வறுவலும் கொடுத்து இன்றுவரை முதலிடத்தில் இருக்கிறது. இத்தாலியில் தனிக்கடைகள் ஜெயித்தன, பிலிப்பைன்ஸில் ஊர்ச் சங்கிலி ஜெயித்தது. மதுரை இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அரசு செய்யக்கூடியவை சில உண்டு. 2019 மே மாத அரசாணை, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்றது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. தூங்கா நகரம் என்று பெயர் எடுத்த ஊரில் நள்ளிரவு இட்லியும் கறி தோசையும் விற்பவர்களில் பலர் மூன்று நான்கு பேரோடு நடத்துபவர்கள். அந்த ஆணையின் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டுவதில்லை; மணி பதினொன்றைத் தாண்டினால் ரோந்து வண்டியைப் பார்த்து அடுப்பை அணைக்கிறார்கள். பேக்கரிகள் சேர்ந்து மொசரெல்லா வாங்க ஒரு கூட்டுறவு, சிறு உணவகங்களை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரும் எளிய வழி, இவையெல்லாம் பெரிய செலவு பிடிக்காதவை.

மாஸ்டர் விஷயம்தான் இவற்றைவிடச் சிக்கலானது. கல்லின் முன் எட்டு மணி நேரம் நிற்க உரிமையாளரின் மகனும் விரும்புவதில்லை, மாஸ்டரின் மகனும் விரும்புவதில்லை. ஆள் தட்டுப்பாடு எந்த அளவுக்கு என்றால், மதுரையில் பரோட்டா போடக் கற்றுக்கொடுக்கத் தனிப் பயிற்சி மையமே நடக்கிறது. பட்டதாரிகளும் வந்து மாவு வீசக் கற்கிறார்கள். தேர்ந்தவர்களை மலேசியாவும் வளைகுடாவும் கூப்பிடுகின்றன; உள்ளூர் மெஸ் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாது. கறி தோசைக்கும் அயிரைக் குழம்புக்கும் அப்படி ஒரு பள்ளி இதுவரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. அவற்றைத் தெரிந்த கைகள் இன்னும் சிம்மக்கல்லிலும் தல்லாகுளத்திலும் வேலை பார்க்கின்றன, பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கைகள்.